வெட்டின கரை

"அது உடைஞ்ச கரை இல்லடி. வெட்டின கரை!"

மூத்த மாப்பிள்ளை சேற்றுக் காலோடு அடுப்படி வாசலில் வந்து நின்றார்.

"எந்தக் கரை?" என்றாள் மனைவி.

"உன் தங்கச்சி புருஷன் வயலை ஒட்டின வாய்க்கால் கரைதான். வெள்ளம் உடைச்சிருந்தா மண்ணு பிய்ஞ்சு கிடக்கும். இது மண்வெட்டியால சீவின மாதிரி நிக்குது. வேணும்னே தண்ணியைத் திருப்பி நாத்தை முழுகடிச்சிருக்கான்."

"தன் பயிரைத் தானே யாராவது முழுகடிப்பாங்களா?"

"அதைத்தான் நானும் காலையிலேருந்து மண்டையை உடைச்சுக்கிட்டு யோசிச்சேன். இப்பத்தான் பிடிபட்டுது. வெள்ளத்துல போன பயிருக்கு அரசாங்கம் பணம் கொடுக்குதில்ல? கதிர் வந்து, அறுத்து, வித்து எப்போ காசு பார்க்கிறது? முழுகினா உட்கார்ந்த இடத்துலயே காசு!"

ஒரே வீட்டில் பெண் எடுத்தவர்கள் என்பதால் ஊரில் இருவருக்கும் மூத்த மாப்பிள்ளை, இளைய மாப்பிள்ளை என்றே பெயர். மாமனார் நிலத்தைப் பிரித்தபோது மேல்வயல் இளையவருக்குப் போனது. வாய்க்கால் அதைத் தாண்டித்தான் கீழ்வயலுக்கு வரும். கீழ்வயல் இவருக்கு. அன்றைக்கு மூடிய வாய், இரண்டு கல்யாணம் ஒரு சாவு ஆகியும் சகலையிடம் திறக்கவில்லை.

"நம்ம வயலுக்கு ஒண்ணும் ஆகலையே, அதை நினைச்சு சந்தோஷப்படுங்க."

"எப்படி ஆகும்? என் வரப்பு என்ன அவன் வரப்பு மாதிரியா? பயிர் அறுப்புக்கு நிக்குது, போய்ப் பாரு!"

சேதம் பார்க்க வேளாண்மை அதிகாரி வந்திருப்பதாகச் சேதி வந்ததும் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு ஓடினார்.

அதிகாரி ஜீப்பின் அருகே நின்று செருப்புச் சேற்றைக் குச்சியால் வழித்துக்கொண்டிருந்தார்.

"மேல்வயல் பார்த்தீங்களா சார்?"

"பார்த்தேங்க. பாவம், முழுசாப் போச்சு."

"என்ன பாவம்? அவனே வெட்டினது சார் அது! எனக்கு சகலைதான். ஆனா நியாயம்னு ஒண்ணு இருக்கில்ல? அவனுக்குப் பணம் கொடுத்தீங்கன்னா மேலிடம் வரைக்கும் போவேன்."

"நீங்க எதுக்குங்க அலையணும்? நான்தான் வெட்டினேன்னு அவரே சொல்லிட்டாரு. அப்படின்னா பணம் வராதேன்னேன். வராட்டிப் போகுதுன்னுட்டாரு."

மூத்த மாப்பிள்ளைக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

"பணம் வேணாம்னா, பின்னே எதுக்கு சார் வெட்டினான்?"

"நானும் அதையேதான் கேட்டேன். 'வாய்க்கால் பொங்கி வந்த வேகத்துக்கு, விட்டிருந்தா அத்தனை தண்ணியும் கீழ்வயல்ல போய் விழுந்திருக்கும். என்னது நாத்து, திரும்ப நட்டுக்கலாம். அங்க கதிர் முத்தி அறுப்புக்கு நிக்குது'ன்னாரு."

அதிகாரி ஜீப்பில் ஏறி உட்கார்ந்தார். ஏதோ நினைத்துக்கொண்டு தலையை வெளியே நீட்டினார்.

"ஆமா, அந்தக் கீழ்வயல் யாருதுங்க?"