அயோவாவுக்குப் போகும் வண்டி

ரயிலடிக்குப் போகும் குதிரைவண்டி வாசலுக்கு வந்துவிட்டது.

அல்மைரா குனிந்து மகளின் கோட்டுக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தாள். ஹெட்டிக்கு ஐந்து வயது. ரயிலில் போகப்போகிற குஷியில் ஓர் இடத்தில் நிற்க மாட்டேன் என்றாள்.

"அம்மா, நீ இன்னும் கோட்டு போடலியே?"

அல்மைரா கழுத்துப் பொத்தானைப் போட்டாள்.

கதவருகே அவளுடைய அப்பா ஆசா பிரெண்டிஸ் நின்றிருந்தார்.

ஓஹையோ ஆற்றங்கரை ஊர்களில் அவரைத் தெரியாதவர்கள் இல்லை. தூக்கு உறுதி என்று எல்லோரும் கைவிட்டவனை மீட்டுக்கொண்டு வந்த வக்கீல். மாநில செனட்டர். அடுத்த கவர்னர் அவர்தான் என்று கட்சியில் பேச்சு. எழுந்து நின்றாரென்றால் ஜூரியில் இருப்பவர்களை அழவைப்பார், அந்தக் கண்ணீர் காயும் முன்பே சிரிக்கவும் வைப்பார்.

இந்த வழக்கில் தோற்றுவிட்டார்.

மருமகன் சைலஸ் குளிர்காலத்தில் காசநோயில் போனான். மகளை வளர்க்கும் பொறுப்பைத் தன் அண்ணனுக்கு எழுதிவைத்துவிட்டுப் போனான். மனைவியிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தகப்பன் அப்படி எழுதிவிட்டால் பெற்றவளுக்குப் பிள்ளைமேல் உரிமை இல்லை. அந்தக் காலத்தில் அங்கே அதுதான் சட்டம்.

ஆசா தொண்டை கட்டும்வரை வாதாடினார். நீதிபதி பழைய நண்பர்.

"சட்டம் தெளிவா இருக்கு, ஆசா. உனக்குத் தெரியாததா?" என்றார், முகத்தைப் பார்க்காமல்.

ஹெட்டியின் பெரியப்பா ஓரின் கெட்டவர் இல்லை. அயோவாவில் பண்ணை, வீடு நிறையப் பிள்ளைகள். வாசற்படியில் தொப்பியைக் கையில் திருகியபடி நின்றார்.

"தம்பி கடைசியா கேட்டுக்கிட்டதும்மா. நான் என்ன பண்ணட்டும், சொல்லு."

அல்மைரா குழந்தையைத் தூக்கி வண்டியில் உட்காரவைத்தாள்.

ஹெட்டி ஓரமாக நகர்ந்து, பக்கத்து இடத்தைத் தட்டிக் காட்டினாள்.

அந்த இடத்தில் ஓரின் ஏறி உட்கார்ந்தார்.

வண்டி நகர்ந்த பிறகுதான் அம்மா வரவில்லை என்று ஹெட்டிக்குப் புரிந்தது. மரப்பாலம் தாண்டும்வரை அவள் அலறல் கேட்டது.

பிறகு சாலையில் புழுதிதான் இருந்தது. அப்பாவும் மகளும் உள்ளே போகவில்லை.

"அல்மி," என்றார் ஆசா. எந்தக் கோர்ட்டிலும் நடுங்காத குரல் நடுங்கியது. "இந்தச் சட்டத்த மாத்த ஒரு மசோதா வந்துச்சு. உனக்குக் கல்யாணம் ஆன புதுசுல. தாய்க்கும் உரிமை வேணும்னு பொம்பளைங்க ஊர் ஊரா கையெழுத்து வாங்கிட்டு வந்தாங்க. அத எதுத்துப் பேசினது நாந்தான்."

"தெரியும்ப்பா."

"தாய்மார்களுக்குச் சட்டம் எதுக்குங்க, வீட்டுல அவங்க வச்சதுதானே சட்டம்னேன். இங்கதான் நான் செனட்டர், வீட்டுக்குப் போனா குத்தவாளிக் கூண்டுல நிக்கிறவன்னேன். சபையே சிரிச்சுது. அந்தச் சிரிப்போட மசோதா செத்துப்போச்சு."

அல்மைரா பாலத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அன்னிக்குப் பார்வையாளர் மாடத்துல நானும் இருந்தேம்ப்பா. உங்க பேச்சக் கேக்கணும்னு சைலஸக் கூட்டிட்டு வந்திருந்தேன்."

ஆசா மகளைத் திரும்பிப் பார்த்தார்.

"எல்லாரையும்விட நாந்தான் சத்தமா சிரிச்சேன். சிரிச்ச சிரிப்புல ஹெட்டி வயித்துக்குள்ள உதைச்சா. அன்னிக்குத்தான் அவ முதமுதல்ல அசைஞ்சது."