இன்னும் ஒரு முழம்

கார்த்திகைப் புயலில் இடிந்து விழுந்த பள்ளிக்கூடத்தைத் திரும்பக் கட்ட, ஆலங்குளத்திலிருந்து இருபது பேர் சிரமதானத்துக்கு வந்திருந்தார்கள். முதல் நாளே காக்கிச் சட்டை போட்ட ஒருவர் அஸ்திவாரக் குழியில் இறங்கிப் பார்த்தார்.

"இன்னும் ஒரு முழம் தோண்டணும்."

ஆட்கள் முணுமுணுத்தார்கள். கூட்டி வந்த ஞானதுரை அதட்டினான்.

"பேசாம தோண்டுங்கலே. ஓவர்சியர் சொல்லுதாரு."

மறுநாள் அவர் வடக்குச் சன்னலைச் சிறிதாக்கச் சொன்னார். பிறகு, உத்தரத்தைச் சுவரோடு கம்பி போட்டு இறுக்கச் சொன்னார். நாற்காலி போட்டால் மட்டும் உட்கார மாட்டார்.

"எவ்வளவு அடக்கமான ஆபீசரு, பாத்தியளா!" என்றான் ஞானதுரை.

ஓடு வேய்ந்த அன்று தென்காசியிலிருந்து ஒருவர் சைக்கிளில் வந்து இறங்கினார்.

"நான்தான் ஓவர்சியர்."

ஞானதுரை ஓடிப்போய் நாற்காலியை எடுத்து வந்து போட்டான்.

வந்தவர் சுவரைத் தட்டினார். கம்பியை இழுத்துப் பார்த்தார்.

"பிளான்ல இதெல்லாம் கெடையாதே. யாரு சொல்லிச் செஞ்சிய?"

எல்லோரும் காக்கிச் சட்டைக்காரரைப் பார்த்தார்கள்.

"நான்தான்யா. சுடலையாண்டி. இந்தப் பள்ளிக்கூடத்துப் பியூன்."

"பியூனா? ஏன் முதல்லயே சொல்லல?" என்று சீறினான் ஞானதுரை.

"சொல்லியிருந்தா தோண்டியிருப்பியளா?"

ஓவர்சியர் ஞானதுரையைக் கையமர்த்திவிட்டுப் பியூனிடம் திரும்பினார்.

"வேலை பிளானைவிட நல்லா இருக்கு. இதெல்லாம் எங்க வே படிச்சீரு?"

"படிக்கலய்யா. புயலன்னைக்குப் பிள்ளையள வெளிய அனுப்பிட்டு நான் உள்ள மாட்டிக்கிட்டேன். எது முதல்ல பிச்சுக்கிட்டுப் போச்சு, எது அடுத்தால சாஞ்சுதுன்னு ஒண்ணொண்ணாப் பாத்துக்கிட்டேதான் கெடந்தேன்."