டிரைவ் உறுமும் நேரம்

மூன்றாம் முறையும் ராஜகுரு கம்ப்யூட்டரில் அடித்துப் பார்த்தான். ஓர் எழுத்துகூடத் தொலையவில்லை.

"பாத்தீகளா தம்பி? அந்தக் கோளாறு உங்க கைக்கும் வரலை, என் கைக்கும் வரலை. இவ கைக்கு மட்டும்தான் வருது. கூப்புட்டாலும் திரும்ப மாட்டா, அம்புட்டுத் திமிரு" என்றார் அச்சகக்காரர் ஜெபதுரை.

அவர் சொன்னது பொன்னுத்தாயை. அருப்புக்கோட்டை விசைத்தறிக் கூடமொன்றில் பதினோரு வருடம் நின்றவள். சாயங்காலங்களில் டைப்ரைட்டிங் படித்து ஹையர் பாஸ் செய்து, ஆறு மாதத்துக்கு முன்பு இந்தக் கம்ப்யூட்டருக்கு வந்து சேர்ந்தாள். யார் என்ன கேட்டாலும் தலையை மட்டும் ஆட்டுவாள்.

காலையில் மதுரை பஸ்ஸை விட்டு இறங்கி உள்ளே வந்த ராஜகுரு அவளுக்கு ஒரு வணக்கம் வைத்தான். அவள் திரும்பவே இல்லை. தலைக்கனம் பிடித்தவள் என்று அவனும்தான் நினைத்துக்கொண்டான்.

வந்த விஷயம் சின்னதல்ல.

போன மாதம் நரிக்குடியில் ஒரு பெரியவர் இறந்துபோனார். இரங்கல் நோட்டீஸில் 'துயருறும்' என்று போட்டு மக்கள் பெயரை மூத்தவரிலிருந்து வரிசையாக அடிப்பது வழக்கம். அந்த வரிசையில் மூத்த மகள் தெரசாள் இல்லை.

வீட்டுக்குப் பிடிக்காத கல்யாணம் செய்துகொண்டு காரியாபட்டியில் இருப்பவள் அவள். அழுதுகொண்டே வந்து இறங்கியவள், பஸ் ஸ்டாண்டு சுவரில் ஒட்டியிருந்த நோட்டீஸைப் படித்தாள். தம்பிமார்தான் தன்னை வெட்டிவிட்டார்கள் என்று நினைத்து, அப்பன் முகத்தைக்கூடப் பார்க்காமல் அடுத்த பஸ்ஸில் ஏறிவிட்டாள்.

தம்பிமார் எழுதிக் கொடுத்த தாளில் அவள் பெயர் இருந்தது. அவசர வேலை, யாரும் சரிபார்க்கவில்லை. அடித்தவள் பொன்னுத்தாய். தமிழ் அடிக்கும் அந்தப் புரோகிராமை எழுதியவன் ராஜகுரு. புரோகிராமில் கோளாறு இல்லையென்றால் பொன்னுத்தாய் நாளையிலிருந்து தறிக்கே திரும்பிப் போகவேண்டியதுதான்.

ராஜகுரு புரோகிராமை வரிவரியாகப் படித்தான். உள்ளே இரண்டு வேலைகள் ஒரே நேரத்தில் ஓடின. ஒன்று, விரல் அடிக்க அடிக்க வரிசையில் வந்து நிற்கும் எழுத்துகளை ஒவ்வொன்றாக எடுத்துத் திரையில் வைக்கும். ஓயாமல் சுற்றிக்கொண்டே இருக்கும். மற்றது, கரண்டு போனாலும் அடித்தது போகாதபடி இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் பிளாப்பியில் எழுதும். அப்போது டிரைவ் கர்ரென்று உறுமும். நான்கு விநாடிதான்.

படிக்கையில் எல்லாம் சரியாகத்தான் பட்டது. சொந்தப் பிள்ளையிடம் எவனுக்குக் குறை தெரியும்?

கடைசியில் பொன்னுத்தாயையே அடிக்கச் சைகை காட்டிவிட்டு அவள் பின்னால் நின்றான். அதே நோட்டீஸ். அவள் கண் தாளிலேயே இருந்தது. டைப்ரைட்டரில் பழகியவர்கள் திரையைப் பார்ப்பதில்லை. அவள் வேகத்துக்கு அவன் விரல்களும் நாற்காலி முதுகில் தட்டிக்கொண்டிருந்தன.

டிரைவ் உறுமியது.

அவன் விரல்கள் நின்றன.

அப்போதுதான் அவனே அதைக் கவனித்தான். மெஷின் உறுமினால் கையை எடுத்துவிடுவது அவன் பழக்கம். ஜெபதுரைக்கும் அதே பழக்கம். உறுமும்போது தொட்டால் மெஷின் மக்கர் பண்ணும் என்று ஒரு பயம். இத்தனை நாளும் அந்த நான்கு விநாடியில் யாருமே அடித்ததில்லை.

பொன்னுத்தாயின் கை நிற்கவில்லை. அடித்துக்கொண்டே போனாள்.

உறுமல் ஓய்ந்தபோது திரையில் தெரசாள் இல்லை.

பிளாப்பியில் எழுதி முடித்த வேலை, இடையில் வரிசைக்கு வந்து நின்ற எழுத்துகளையும் சேர்த்துத் துடைத்துவிட்டிருந்தது. ஒன்று உள்ளே இருக்கும்போது மற்றது நுழையாதபடி பூட்டு ஒன்று போட்டிருக்கவேண்டும். போட மறந்தவன் அவன்தான்.

"பொன்னுத்தாய்" என்று மெல்லக் கூப்பிட்டான். அவள் அடித்துக்கொண்டிருந்தாள். சத்தமாகவும் கூப்பிட்டான்.

பிறகு கூப்பிடவில்லை.

மத்தியானத்துக்குள் பூட்டைப் போட்டு முடித்தான். அவள் மறுபடி அடித்தாள். டிரைவ் உறுமியது. தெரசாள் வரிசையில் முதல் ஆளாக நின்றாள்.

"சரி தம்பி, தப்பு உங்களுதாவே இருக்கட்டும். எங்களுக்கு வராதது இவளுக்கு மட்டும் ஏன் வந்துச்சு?" ஜெபதுரை விடவில்லை.

பொன்னுத்தாய் ராஜகுருவின் வாயையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். முகம் வெளுத்துப்போயிருந்தது.

"வேகம் அண்ணாச்சி. நாம நிறுத்தி நிறுத்தி அடிக்கிறோம். அவுக நிறுத்துறதில்ல" என்றான். "தெரசாள் அக்காட்ட நானே சொல்லிக்கிறேன். போற வழிதான், காரியாபட்டியில எறங்கிக்கிறேன்."

முழுப் பொய்யில்லை. பாதி உண்மை. மீதிப் பாதியை அவன் தனக்குள் வைத்துக்கொண்டான்.

ஜெபதுரை சாப்பிடப் போனார். ராஜகுரு பையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்று "வாரேம்மா" என்றான். அடுத்த வேலையைத் தொடங்கிவிட்டிருந்த பொன்னுத்தாய் திரும்பவில்லை.

காலையில் வந்த கோபம் இப்போது வரவில்லை. தன்மேல்தான் வெட்கமாக இருந்தது. பதினோரு வருடத் தறிச் சத்தம் அவள் காதில் வேறு எதற்கும் இடம் விட்டுவைக்கவில்லை.

மாட்டிய செருப்பைக் கழற்றிவிட்டு மறுபடி உள்ளே போனான். மேசையைச் சுற்றிப் போய் அவள் கண்ணுக்கு நேரே நின்றான். உதடுகளை நன்றாக அசைத்து, "வாரேன்" என்றான்.

அவள் கை நின்றது.

"சரிங்க சார், பாத்துப் போயிட்டு வாங்க" என்றாள் பொன்னுத்தாய், தறி ஓடும் இடத்தில் பேசுகிற மாதிரி, அந்தச் சின்ன அறைக்குள் அவ்வளவு சத்தமாக.