மூன்றாவது அறை

ஒரு கார் பந்தய விளையாட்டுக்கு ஹார்டு டிஸ்க்கில் தனி இடம் பிரிக்கப் போய், தம்பி அக்காவின் கம்ப்யூட்டரையே கோமாவில் படுக்க வைத்துவிட்டான்.

கறுப்புத் திரை. மூலையில் ஒரு வெள்ளைக் கோடு மட்டும் அவனைப் பார்த்துக் கண்ணடித்துக்கொண்டிருந்தது.

எம்பிராய்டரி மெஷின் ஊசியைத் தூக்கிக்கொண்டு சும்மா நின்றது. பக்கத்தில் ஒரு கால்பந்து அணியின் பனியன்கள் குவிந்து கிடந்தன. ஒவ்வொரு மார்பிலும் ஒரு புலி தைக்க வேண்டும். நாளை ஆட்டம். புலியோ கம்ப்யூட்டருக்குள் மாட்டிக்கொண்டது.

"வைரஸ் கை வெச்சிட்டானா?" என்று உள்ளேயிருந்து மாமா, அக்காவின் கணவர், குரல் கொடுத்தார்.

வைரஸ் என்பது அவன்தான்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் இதே கம்ப்யூட்டர் இதே மாதிரி படுத்தது. அன்று காலை அவன் அதில் மெயில் மட்டும்தான் பார்த்திருந்தான். ஆனாலும் தொட்டது தொட்டதுதானே? ரிப்பேர்க்காரர் எல்லாவற்றையும் துடைத்துப் புதிதாகப் போட்டுக் கொடுத்தார். அக்காவின் பழைய டிசைன்கள் மொத்தமும் போயே போச்சு. அவன் மன்னிப்புக் கேட்டான், கொஞ்சம் அழுதான். மாமா பெயர் வைத்தார். அன்றிலிருந்து மிக்சியைப் போடுவதற்குக்கூட அக்காவிடம் அனுமதி கேட்பவன் அவன்.

அப்பேர்ப்பட்டவன் இன்று ஏன் கை வைத்தான் என்றால், விளையாட்டு இலவசமாகக் கிடைத்தது.

பென் டிரைவிலிருந்து மீட்பு மென்பொருளை ஓடவிட்டு, டாக்டர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டான். "சாமானெல்லாம் உள்ள அப்படியேதான்க்கா இருக்கு. டிஸ்க்கு ஒரு வீடு மாதிரி. எந்த ரூம் எங்க ஆரம்பிக்குது, எங்க முடியுதுன்னு ஒரு டேபிள் இருக்கும். அதுதான் அழிஞ்சுபோச்சு."

"வீட்டு பிளானெல்லாம் எனக்கு வேணாம். புலி வேணும்."

மென்பொருள் ஹார்டு டிஸ்க்கைத் தடவித் தடவி அறைகளைக் கண்டுபிடித்தது. 'டிசைன்' – அக்காவுடையது. 'ரேஸ்' – அவன் இன்று கட்டிய பாவம். இரண்டுக்கும் அடியில் புதைந்து பாதி சிதைந்த மூன்றாவது அறை ஒன்று. பெயர், 'சீரியல்'.

அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் 'டிசைன்' அறையைத் தேர்ந்தெடுத்து, டேபிளைத் திரும்ப எழுதச் சொல்லி, கண்ணை மூடிக்கொண்டு எண்டரைத் தட்டினான்.

கம்ப்யூட்டர் எழுந்தது. புலி வாயைப் பிளந்துகொண்டு வந்தது. அக்கா அவன் தலையில் ஒரு குட்டு வைத்துவிட்டு மெஷினை ஓட்ட உட்கார்ந்தாள். அந்தக் குட்டில் பாதி பாசம்.

அவனுக்குத்தான் கை சும்மா இருக்காதே. மென்பொருள் பட்டியல் போட்டு வைத்திருந்ததைத் திறந்து, மூன்றாவது அறைக்குள் எட்டிப் பார்த்தான்.

உள்ளே ஒரு குடும்பத் தொடர், எபிசோட் எபிசோடாக. மாமாவுக்கு சீரியல் சத்தம் கேட்டாலே தலைவலி வரும். அவனோ ஒரு எபிசோட்கூடப் பார்த்ததில்லை.

அறை கட்டிய தேதியைப் பார்த்தான். இரண்டு வருடத்துக்கு முன்னால் கம்ப்யூட்டர் படுத்து, மாமா அவனுக்குப் பெயர் வைத்த அதே நாள்.

"அக்கா, இந்த சீரியல் ரூமை யாருக்கா கட்டினது?"

மெஷின் நின்றது. புலிக்கு ஒரு காதுதான் ஆகியிருந்தது.

அக்கா உள்ளறையை ஒரு தடவை எட்டிப் பார்த்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

"நான்தான்டா. சொல்லலாம்னு வாயைத் திறக்கிறதுக்குள்ள நீ ஸாரி கேட்டு அழுதுட்ட."