பதறாத காரியம்

"பயமா இருக்கு வாரிக். இன்னிக்கும் சொதப்பிடுவேன் போலிருக்கு."

"சொதப்ப மாட்டே. மூச்சை இழு, நாலு எண்ணு... மெதுவா விடு. இப்போ கண்ணை மூடி மேட்சை மனசுக்குள்ள ஓட்டிப் பாரு. என்ன தெரியுது?"

"அம்பயர் தெரியறான். என்னைப் பார்த்துச் சிரிக்கிறான்."

"அவனை விட மாட்டியா நீ!" வாரிக் தலையில் அடித்துக்கொண்டான்.

வாரிக், விளையாட்டு வீரர்களுக்கு மனப்பயிற்சி கொடுப்பவன். ஆஸ்திரேலியாவில் பென்டிகோ ஊருக்குப் பக்கத்து ஃபுட்பால் கிளப் ஒன்று ஆறு வாரத்துக்கு முன் ட்ரெவரை அவன் தலையில் கட்டியிருந்தது. பந்தைக் கையாலும் பிடித்து ஆடும் அந்த ஊர் ஆட்டம் ட்ரெவருக்கு அத்துப்படி. கோபம்தான் மூக்குக்கு மேலே. ஜூன் மாதம் அம்பயரோடு மல்லுக்கு நின்று மைதானத்தை விட்டே வெளியேற்றப்பட்டவன். இன்று இன்னொரு முறை அப்படி நடந்தால் மீதி சீசனுக்கும் தடை.

"அநியாயமா ஏதாவது நடந்தா?"

"கட்டை விரலை அழுத்திக்கோ. 'போகட்டும்'னு மனசுக்குள்ள சொல்லு. அவ்வளவுதான்."

சைரன் ஒலித்தது. ஆட்டம் தொடங்கியது.

நான்கு கால்பகுதிகளில் மூன்று ஒழுங்காகவே போயின. "என்ன ட்ரெவர், பல்லைப் பிடுங்கிட்டாங்களா?" என்று எதிரணிக்காரர் ஒருவர் சீண்டியும் பார்த்தார். ட்ரெவர் விரலை அழுத்திக்கொண்டான்.

கடைசி நிமிடம். ஒரே ஒரு புள்ளி பின்னடைவு. கோல் கம்பத்துக்கு நேரே பந்தைப் பிடிக்கப் போன தங்கள் ஆட்டக்காரரை, எதிரணி ஆள் முதுகில் கைவைத்துத் தள்ளிவிட்டான். ஊரே பார்த்தது, அம்பயரைத் தவிர.

ட்ரெவருக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. வாய் தானாகத் திறந்தது. கட்டை விரலை நசுக்கினான். மூச்சை இழுத்தான். போகட்டும்... போகட்டும்...

சைரன்! ஒரு புள்ளியில் தோல்வி.

வாரிக்கோ குதித்துக்கொண்டு ஓடிவந்தான். "சாதிச்சுட்டேடா!"

அதற்குள் சேறு அப்பிய ஜெர்சியோடு மைதானத்துக்குள்ளிருந்து ஓடிவந்த ஒன்பது வயது மேவ், வேலிக்கு வெளியே நின்ற ட்ரெவரின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

"அப்பா! என்னைத் தள்ளிவிட்டப்போகூட நீ அம்பயரைத் திட்டவே இல்ல! இனிமே என் மேட்சுக்கெல்லாம் உன்னை உள்ள விடுவாங்கல்ல?"