பதினொரு பல் செட்

ஆடிட்டர் சொன்ன கட்டணத்தை அவள் உடனே பல் செட்டுகளாக மாற்றிப் பார்த்தாள்.

பதினொரு செட். பல் மருத்துவர்கள் அனுப்பும் அச்சுகளின் மேல் குனிந்து உட்கார்ந்து, பதினொரு பொக்கை வாய்களுக்குப் பல் செய்து கொடுத்தால்தான் இந்த மனிதரின் கட்டணத்தைக் கட்ட முடியும்.

அவள் கட்டுகிற வரியே அவ்வளவு இல்லை.

அதை ஆடிட்டரும் மறைக்கவில்லை. பழைய கோப்பைப் புரட்டிவிட்டு, உங்கள் அண்ணன் எல்லாம் சரியாகவே போட்டிருக்கிறார், நான் போட்டாலும் சல்லிக்காசு மிச்சமாகாது என்றார். தேடி வந்த ஆளையே இப்படித் துரத்துகிற மனிதரை அவளுக்குப் பிடித்துப்போனது.

அண்ணன் ஒன்பது வருடமாக அவளுடைய வரிக் கணக்கை இலவசமாகத்தான் போட்டுக் கொடுத்தான். அவளுக்கு வாசமும் வேலையும் அவன் வீட்டுப் பின்னறையில்தான். வருடா வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பாட்டு மேஜையில் அவளுடைய வங்கிக் கணக்கை மேலிருந்து கீழாக உரக்கப் படிப்பான். அண்ணி டீயைக் கொண்டுவந்து வைத்துவிட்டு அங்கேயே நின்றுகொள்வாள்.

அடுத்த வாரமே அண்ணியின் தம்பிக்கு ஏதாவது அவசரம் வந்துவிடும். ஒரு வருடம் வீட்டுக்குப் புது ஃபிரிட்ஜ். ஒரு வருடம் அண்ணன் மகளின் கல்லூரிக் கட்டணம். சொல்லி வைத்தாற்போல, அவள் கையில் என்ன மிஞ்சியதோ அந்த அளவுக்குத்தான் வீட்டில் செலவு முளைக்கும்.

இந்த முறை நானே பார்த்துக்கொள்கிறேன் என்று அவள் சொன்னதும், காசைக் கரியாக்காதே என்று அண்ணன் குதித்தான். கரியானால் ஆகட்டும், என் காசுதானே என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

பாதிக் கட்டணத்தை எண்ணி ஆடிட்டரின் மேஜைமேல் வைத்தாள்.

"எனக்கு மிச்சம் எதுவும் பண்ணித்தர வேண்டாம் சார். எங்க வீட்டுலேருந்து யார் வந்து கேட்டாலும் நீங்க வாயத் திறக்கக் கூடாது, அவ்வளவுதான்."

ஆடிட்டர் தலையாட்டிவிட்டு இந்த வருடத்து வங்கிக் கணக்கில் விரலை ஓட்டினார். ஏழு மாதமாக ஒரே தொகை ஒரே ஆளுக்குப் போயிருந்தது. என்னம்மா இது என்றார்.

வாடகை என்றாள். இரண்டு தெரு தள்ளி, மாடியில் ஓர் அறை.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. வேலை செய்கிற இடம்தானே, செலவில் காட்டினால் வரி குறையும், என் கட்டணத்தில் பாதி உங்களுக்குத் திரும்பிவிடும் என்று பேனாவைத் திறந்தார்.

"எழுதாதீங்க. முழு வரியே போடுங்க," என்றாள். "அங்க நான் ஒரு வேலையும் செய்யறதில்ல. சாயங்காலம் ஒரு மணி நேரம் கதவச் சாத்திக்கிட்டு சும்மா உக்காந்திருப்பேன்."