அம்மா ஜாடை

“சித்தி கைச்சோறு எப்படி உடம்புல ஒட்டும்? பாருங்க டாக்டர், புள்ள வெளிறிப்போய்க் கிடக்கு!”

ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டை மேஜைமேல் பட்டென்று வைத்தாள் பெரியம்மா.

செத்துப்போன தங்கையின் ஒரே மகள். ஏழாவது படிக்கிறாள். அந்த வீட்டுக்கு இரண்டாம் தாரம் வந்த நாளிலிருந்து பெரியம்மா குறை தேடிக்கொண்டே இருந்தாள். இன்று கையும் களவுமாகப் பிடித்துவிட்ட தெம்பு.

சித்தி நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள்.

“சிவப்பணுவெல்லாம் ரொம்பச் சின்னதா இருக்காம். வயித்தைக் காயப்போட்டா அதுங்கதான் என்ன பண்ணும், பாவம்! நான் வாங்கிக் குடுத்த இரும்புச்சத்து டானிக்கு மூடியே திறக்கல. இன்னிக்கே இவளை என் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடறேன்.”

சித்தியின் கை, சிறுமியின் முழங்கையை இறுகப் பிடித்தது.

சிறுமிக்கோ வேறு கவலை. “சின்னதுன்னா எவ்ளோ சின்னது டாக்டர்? நான் பாக்கலாமா?”

டாக்டரம்மா சிரித்துவிட்டார். “பக்கத்து ரூம் அக்காகிட்ட ஒரு சொட்டு ரத்தம் குடு. மைக்ராஸ்கோப்ல காட்டுவாங்க.”

“வலிக்குமா?” என்று கேட்டுக்கொண்டே ஓடினாள்.

கதவைச் சாத்திவிட்டு வந்தார் டாக்டரம்மா.

“சாப்பாட்டுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லம்மா. டானிக் வேண்டாம்னு சொன்னதே நான்தான். இரும்புச்சத்து கொறையல. பிறவியிலேயே அணு சின்னது, பரம்பரையா வர்றது. பயப்பட ஒண்ணுமில்ல. கல்யாணத்தப்போ மாப்பிள்ளைக்கும் இது இருக்கான்னு பாத்துக்கணும், அவ்வளவுதான். ரெண்டு பேருக்கும் இருந்தாதான் பொறக்கற குழந்தைக்குச் சிக்கல்.”

“பரம்பரையா? அப்போ அவ அப்பன் வழியா…”

“அவருக்கு இல்ல. போன வருஷமே பாத்தாச்சு. உங்க தங்கச்சி வழிதான். உங்களுக்கும் இருக்கலாம்.”

பெரியம்மா ரிப்போர்ட்டை மறுபடி கையில் எடுத்தாள். கோபம் சித்தி மேல் திரும்பியது.

“போன வருஷமே தெரியுமா? சொந்தக்காரங்க வீடெல்லாம் போய் உன்னைத் தூத்திட்டு வந்தேனே! நீ புள்ளைய பட்டினி போடறேன்னு வாய்க்கு வந்தபடி பேசினேனே! ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?”

சித்தி பக்கத்து அறைக் கதவைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள்.

“அம்மா கண்ணு, அம்மா மூக்குன்னு தினமும் கண்ணாடி முன்னாடி நின்னு பூரிச்சுப்போறாக்கா. இந்தக் குறையும் அம்மா குடுத்ததுதான்னு அவகிட்ட எப்படிச் சொல்ல? என் சமையல்தான் சரியில்லன்னே இருந்துட்டுப் போகட்டும்.”